குடல் செல்லின் இழைவேலை

சிறுகுடலை விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானத்தையே மூடிவிடலாம் என்று பாடப்புத்தகங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகின்றன. 2014-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹெலாண்டர், லார்ஸ் ஃபேன்ட்ரிக்ஸ் இருவரும் நுண்ணோக்கியின் துணையோடு இந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். உணவுப்பாதையின் உட்பரப்பு மொத்தமும் சேர்ந்தே ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் வந்தது. அதில் பெருங்குடலின் பங்கு சுமார் 2 சதுர மீட்டர். டென்னிஸ் மைதானமோ 260 சதுர மீட்டர். எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியது. இந்தத் திருத்தத்தால் யாருடைய உணவும் செரிக்காமல் போய்விடவில்லை. குடிக்கும் நீரும் உடல் சுரக்கும் செரிமானச் சாறுகளுமாக நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. பரப்பின் கணக்கு இவ்வளவு சுருங்கியும், உறிஞ்சுதலுக்குப் பெரும் பரப்பே காரணம் என்ற பழைய விளக்கத்தை அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடிகிறது என்றால், அந்த விளக்கத்தில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றே பொருள். நிலம் எத்தனை ஏக்கர் என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் எங்கே ஓடுகிறது, மடை எங்கே திறக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது அது. குடலில் மடைகளை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதும், வைத்த இடத்தில் நிறுத்துவதும் செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் வேலை. செல் சட்டகம் என்றும் சைட்டோஸ்கெலிட்டன் என்றும் அழைக்கப்படும் இந்த இழைத்தொகுதியைக் கட்டடத்துக்குக் கம்பி கட்டியதுபோல் அசைவற்ற ஆதாரமாக மட்டும் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டிய அளவுக்கு இப்போது சான்றுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். சிறுகுடலின் உட்சுவரில் மடிப்புகள். மடிப்புகளின்மேல் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். அவற்றைப் போர்த்தியிருக்கும் ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். ஒரு நுண்ணுறிஞ்சியின் உயரம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிமன் அதிலும் பத்தில் ஒன்று. சாதாரண நுண்ணோக்கியில் இந்த வரிசை வெறும் கோடுபோட்ட விளிம்பாகத்தான் தெரிந்தது. தனித்தனிக் குச்சிகளாகப் பிரித்துக் காட்டியது எலக்ட்ரான் நுண்ணோக்கி, அது 1950-இல். குச்சி ஒவ்வொன்றின் நடுவிலும் ஆக்டின் என்ற புரதத்தாலான இருபது முப்பது இழைகள் கட்டாக நிற்கின்றன. கோழிக்குஞ்சின் குடலை ஆராய்ந்த மார்க் மூசெக்கரும் லூயிஸ் டில்னியும், இந்த இழைகள் எல்லாம் ஒரே திசையை நோக்கியே நிற்கின்றன என்று 1975-இல் காட்டினார்கள். இழையின் வளரும் முனை நுண்ணுறிஞ்சியின் நுனியில் இருக்கிறது, மறுமுனை செல்லுக்குள் இறங்குகிறது. இந்தத் திசையொழுங்கை ஒரு சிறு விவரம் என்று தள்ளிவிடக் கூடாது. மயோசின் என்ற மோட்டார் புரதங்கள் ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட திசையில் நகர்பவை. இழைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால்தான் எது மேலே போக வேண்டும், எது கீழே இறங்க வேண்டும் என்று செல்லால் ஒழுங்கு செய்ய முடியும்.

மேல், கீழ் என்ற இந்த வேறுபாடுதான் உறிஞ்சுதலின் உயிர்நாடி. நாம் சாப்பிடும் சர்க்கரை குடலின் நடுவெளியில் வெட்டுப்படுவதில்லை. அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் நொதி நுண்ணுறிஞ்சியின் சவ்விலேயே பதிந்திருக்கிறது. அதே சவ்வில் எஸ்ஜிஎல்டி-1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. சோடியத்தோடு சேர்த்துத்தான் அது குளுக்கோஸை உள்ளே இழுக்கும். இப்படி ஒரு கூட்டுப் பயணம் நடக்கிறது என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். சோடியம் ஏன் உள்ளே வர விரும்புகிறது என்று கேட்டால், விடை செல்லின் மறுபக்கத்தில் இருக்கிறது. இரத்தக்குழாயை ஒட்டிய அடிப்புறச் சவ்விலுள்ள ஒரு பம்ப், ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே கடத்தி, கீழே பம்ப் என்று இருந்தால்தான் குளுக்கோஸ் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும். இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால், செல் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், சத்து நகராது. செல்லின் சவ்வோ எண்ணெய்போல் நெகிழும் படலம். அதில் பதிந்த புரதங்கள் மிதந்து நகரக்கூடியவை. அவற்றைப் பிரித்து அந்தந்தப் பக்கத்தில் வைத்திருக்க யாராவது உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உழைப்பது சட்டகம்தானா என்று சோதிக்க, பிறவியிலேயே வரும் இரண்டு அரிய நோய்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் நோயில் எஸ்ஜிஎல்டி-1 கடத்தியின் மரபணு பழுதாகியிருக்கும். 1991-இல் இந்தத் தொடர்பு நிறுவப்பட்டது. பிறந்த குழந்தை தாய்ப்பால் குடித்ததும் கடுமையான வயிற்றுப்போக்கு தொடங்கும். பாலின் சர்க்கரை பிளந்து குளுக்கோஸும் காலக்டோஸும் வருகின்றன, இரண்டையும் இழுக்க ஆளில்லை. ஆனால் குடலின் சிறுதுண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் இயல்பாக இருக்கும். அந்த இரு சர்க்கரைகளையும் விலக்கி, ஃபிரக்டோஸ் கலந்த பால்மாற்று உணவைக் கொடுத்தால் போதும், வயிற்றுப்போக்கு நிற்கிறது, குழந்தை வளர்கிறது. இரண்டாவது நோயை டொராண்டோவின் மருத்துவர்கள் 1978-இல் விவரித்தார்கள். பிறந்த சில நாட்களில் நீராய்ப் பேதி. வாய்வழி எதுவும் கொடுக்காமல் நிறுத்திவைத்தாலும் நிற்காது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் போய்க்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் உச்சி ஏறக்குறைய மொட்டையாக இருக்கும். அங்கே நிற்க வேண்டிய நுண்ணுறிஞ்சிகள் செல்லுக்குள்ளேயே ஒரு சிறு பையின் உட்புறத்தில் வளர்ந்து கிடக்கும். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, நீர் என்று எதுவும் சரியாக உள்ளே போகாது. எந்த ஒரு உணவை விலக்கியும் பயனில்லை. நரம்பு வழியாக ஊட்டச்சத்து ஏற்ற வேண்டும், அல்லது குடல் மாற்று அறுவை செய்ய வேண்டும்.

இந்த இரண்டாவது நோயில் பழுதாவது எந்தக் கடத்தியின் மரபணுவும் இல்லை. மயோசின்-5பி என்ற மோட்டார் புரதத்தின் மரபணுவே பெரும்பாலான குழந்தைகளில் பழுதாகியிருக்கிறது என்று 2008-இல் தெரியவந்தது. செல்லுக்குள் செய்து முடித்த கடத்திகளும் நொதிகளும் சிறு சவ்வுப்பைகளில் உச்சிக்கு அருகே வந்து சேர்கின்றன. அங்கிருந்து கடைசித் தூரத்தை ஆக்டின் இழைகளைப் பிடித்துக் கடக்கவைப்பது மயோசின்-5பி. இந்த மோட்டாரை நீக்கிய எலிகளை ஆராய்ந்தபோது, எஸ்ஜிஎல்டி-1 கடத்தியும், சோடியத்தை உள்ளிழுக்கும் இன்னொரு முக்கியக் கடத்தியும் உச்சிச் சவ்விலிருந்து காணாமல் போயிருந்தன. குளோரைடையும் அதன் பின்னால் நீரையும் வெளியே விடும் வாய்க்கால் புரதம் மட்டும் தன் இடத்திலேயே இருந்தது. உள்ளே எடுப்பவை வரவில்லை, வெளியே விடுவது நிற்கிறது. குழந்தைகளின் ஓயாத நீர்ப்பேதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம். மயோசின் ஒரு மோட்டார்தானே, அதைச் சட்டகத்தோடு ஏன் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இழை இல்லாமல் இந்த மோட்டாருக்கு வேலை இல்லை, மோட்டார் இல்லாத இழையால் எதையும் நகர்த்தவும் முடியாது. செல் உயிரியலாளர்கள் இரண்டையும் ஒரே அமைப்பாக எண்ணுவது இதனால்தான்.

கடத்திகள் செயல்பட்டால் போதும், இழைகளைப் பற்றி யாரும் கவலைப்படாமலே லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறோமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உப்பு-சர்க்கரைக் கரைசலைத்தான் சொல்கிறார்கள். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் 1968-இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பலனைக் காட்டினார்கள். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது போங்கான் அகதிகள் முகாமில் திலீப் மகாலனபிஸ் அதைப் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு வாய்வழியாகவே புகட்ட, இறப்பு விகிதம் வெகுவாகச் சரிந்தது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும், நீர் பின்தொடரும் என்ற கிரேனின் தத்துவமே அதன் அடிப்படை. இழைகள் அந்தக் கதையில் வரவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் காலரா ஏன் அந்தக் கரைசலுக்குக் கட்டுப்படுகிறது என்று ஒருபடி மேலே கேட்டுப் பார்க்க வேண்டும். காலரா நஞ்சு செல்லின் குளோரைடு வாய்க்காலைத் திறந்துவிடுகிறது. செல்லின் உருவத்தை அது குலைப்பதில்லை. நுண்ணுறிஞ்சிகள் நிமிர்ந்தே நிற்கின்றன, எஸ்ஜிஎல்டி-1 தன் இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் நோயின் உச்சத்திலும் கரைசல் உள்ளே போகிறது. மயோசின்-5பி இல்லாத குழந்தைக்கு அதே கரைசலைக் கொடுத்தால் பேதிதான் கூடும். ஆக, கரைசலின் வெற்றியே சட்டகம் சிதையாமல் இருந்ததற்கு ஒரு சாட்சி.

இந்த வாதத்துக்கு எதிராக ஆய்வகத்திலிருந்தே எழுந்த ஒரு கேள்வி உண்டு; பல ஆண்டுகள் அதற்குச் சரியான விடை இல்லை. நுண்ணுறிஞ்சியின் ஆக்டின் இழைகளைக் கட்டாகப் பிணைப்பவற்றில் முதலில் பெயர் பெற்றது வில்லின் என்ற புரதம். 1979-இல் அந்தோனி பிரெட்ச்சரும் கிளாஸ் வெபரும் அதை அடையாளம் கண்டார்கள். வில்லின் இல்லாவிட்டால் நுண்ணுறிஞ்சியே இருக்காது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1990-களின் கடைசியில் வில்லின் மரபணுவை நீக்கிய எலிகள் பிறந்தபோது அவற்றின் நுண்ணுறிஞ்சிகள் பார்க்க இயல்பாகவே இருந்தன. சட்டகத்தின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்திவிட்டோமோ என்ற சந்தேகம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஒரே வேலைக்கு மூன்று பிணைப்புப் புரதங்கள் இருந்தன என்பது பிறகு கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பாரிஸின் கியூரி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வில்லின், எஸ்பின், பிளாஸ்டின்-1 ஆகிய மூன்றையும் ஒருசேர நீக்கிய எலிகளைப் பற்றி 2012-இல் எழுதினார்கள். அப்போதும் நுண்ணுறிஞ்சிகள் முளைக்கவே செய்தன. குட்டையாக இருந்தன, அவ்வளவுதான். ஆனால் உச்சிச் சவ்வில் தங்க வேண்டிய முக்கியப் புரதங்கள், செரிமான நொதிகள் உட்பட, முன்போல் அங்கே தங்கவில்லை. குடலின் இயல்பான செயல்பாடும் குறைந்தது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான். பரப்பு கணிசமாக மிஞ்சியிருக்கும்போதே புரதங்களின் இடம் குலைந்துபோனதை அது காட்டியது. இழைக்கட்டு நுண்ணுறிஞ்சியை நிமிர்த்துவதற்கு மட்டும் இருந்திருந்தால், குட்டையானது என்பதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

நுண்ணுறிஞ்சிகள் அறுகோண வடிவில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும் தானாக அமைந்துவிடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து நுனிகளை இழுத்துப் பிணைக்கும் கேடரின் வகைப் புரதங்களை 2014-இல் கண்டார்கள். அவை உள்ளே ஹார்மோனின் என்ற புரதம் வழியாக ஆக்டின் கட்டோடு இணைகின்றன. இதே ஹார்மோனின் காதின் உட்புறத்திலுள்ள கேட்கும் செல்களிலும் வேலை செய்கிறது. அதன் மரபணுவோடு அருகிலுள்ள பகுதியும் சேர்ந்து அழிந்துபோன சில குழந்தைகளுக்குக் காது கேளாமையும் குடல் கோளாறும் ஒன்றாக வந்ததை 2000-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். காதுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு, இரண்டு இடத்திலும் ஆக்டின் கட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன என்பதே பதில்.

சட்டகத்தின் மதிப்பைக் கிருமிகள் நமக்கு முன்பே அறிந்துவைத்திருக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா, குடல் செல்லுக்குள் நுழைவதில்லை; மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கான பிடிமானப் புரதத்தைக்கூடச் செல்லிடம் எதிர்பார்க்காமல் தானே செய்து, ஊசிபோன்ற ஓர் அமைப்பின் வழியே செல்லுக்குள் செலுத்துகிறது என்று 1997-இல் வான்கூவரிலிருந்த பிரெட் ஃபின்லேயின் குழு கண்டுபிடித்தது. டிர் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் செல்லின் ஆக்டினை ஒரே இடத்தில் திரளவைக்கிறது. பாக்டீரியாவுக்கு அடியில் ஒரு பீடம் எழும்புகிறது, சுற்றிலும் நுண்ணுறிஞ்சிகள் அழிகின்றன. இங்கே பரப்பும் போகிறது, இடமும் போகிறது. எது முதல் காரணம் என்று பிரிப்பது கடினம் என்ற மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதே பாக்டீரியா தொற்றியதும் எஸ்ஜிஎல்டி-1 வழியே நடக்கும் சர்க்கரை இழுப்பு மிக விரைவாகச் சரிகிறது என்று ஆய்வகச் செல்களில் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவில் பங்குகொள்ளும் கிருமிப் புரதங்களில் டிர்-உம் ஒன்று.

இதுவரை பேசியது ஆக்டின். கொழுப்பின் பாதையில் வேறொரு இழை முன்னுக்கு வருகிறது. பித்தநீரில் கரைந்து உள்ளே வரும் கொழுப்பு அமிலங்களைக் குடல் செல் மறுபடியும் கொழுப்பாகக் கோத்து, புரதப்போர்வை போர்த்தி, கைலோமைக்ரான் என்ற துளிகளாக்குகிறது. இவை செல்லின் அடிப்பக்கம் வரை பயணம் செய்து வெளியேறி, நேரே இரத்தத்தில் கலக்காமல் நிணநீர்க் குழாய்க்குள் போகின்றன. மேலிருந்து கீழாகச் செல்லின் நீளத்துக்கும் ஓடும் நுண்குழல்கள் என்ற இழைகள் இந்தப் பயணத்துக்குத் தண்டவாளம். இதற்கான சான்று ஒரு நஞ்சிலிருந்து வருகிறது, அந்த நஞ்சு நமக்கு மிக அருகில் விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கார்த்திகைப்பூ என்றும், கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கொல்சிசின் நுண்குழல்களைக் கட்டும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அவற்றை உருவாகவிடாமல் தடுக்கிறது. எலிகளுக்குக் கொல்சிசினைக் கொடுத்துவிட்டுக் கொழுப்பு ஊட்டிய 1970-களின் சோதனைகளில், கொழுப்பு செல்லுக்குள் புகுந்தது, துளிகளாகவும் ஆனது. நிணநீருக்குப் போகாமல் செல்லுக்குள்ளேயே தேங்கியது. கீல்வாதத்துக்குக் கொல்சிசினை மருந்தாக எடுத்துக்கொள்பவர்களுக்குப் பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவது குறையக்கூடும் என்பது 1968-லேயே தெரிந்திருந்தது. கிழங்கைத் தின்று நஞ்சேறியவர்களுக்கு முதலில் வாந்தியும் கடும் பேதியும்தான் வருகின்றன.

கொல்சிசின் செல் பிரிதலையும் நிறுத்தும் மருந்தாயிற்றே, குடல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகப் பிறப்பவையாயிற்றே, புதிய செல்கள் வராததால்தான் கோளாறு வந்தது என்று ஏன் கொள்ளக்கூடாது என்ற கேள்வி நியாயமானது. நஞ்சேறியவர்களின் நீடித்த பேதிக்கு இந்தக் காரணம் பெருமளவு பொருந்தும் என்றே நினைக்கிறேன். எலிகளில் கொழுப்பு தேங்கியதற்கு மட்டும் அது பொருந்தாது. அந்த விளைவு சில மணி நேரங்களிலேயே தெரிந்தது; ஏற்கெனவே முதிர்ந்து நிற்கும் செல்கள் உதிர்ந்து தீர அந்த அவகாசம் போதாது.

சட்டகத்துக்கு இல்லாத பெருமையைத் தூக்கிக் கொடுக்கும் போக்கும் இத்துறையில் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த செல்களை உச்சியருகே இறுக்கி ஒட்டும் பிணைப்பைச் சுற்றி ஆக்டினும் மயோசினும் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. குளுக்கோஸ் உள்ளே வந்ததும் இந்த வளையம் சுருங்கி, செல்களுக்கு இடையிலான சந்து சற்றுத் திறக்கிறது, சாப்பிட்டவுடன் வரும் சர்க்கரையில் பெரும்பகுதி செல்லைச் சுற்றிச் சந்து வழியாகவே போகிறது என்று ஜான் பாப்பன்ஹைமர் 1987-இல் வாதிட்டார். வளையம் சுருங்குவதும் சந்து நெகிழ்வதும் பின்னர் வேறு ஆய்வகங்களிலும் உறுதியாயின. சர்க்கரையின் பெரும்பகுதி அவ்வழியே போகிறது என்ற கூற்று அப்படி நிலைபெறவில்லை. இயல்பான உணவு உண்ணும்போது அந்தப் பங்கு சிறிதுதான் என்று கருதுவோரே அதிகம். சாப்பிட்டவுடன் சட்டகம் மாறியமைந்து இன்னொரு குளுக்கோஸ் கடத்தியை உச்சிச் சவ்வுக்கு ஏற்றுகிறது என்ற கருத்தும் இதே நிலையில்தான் இருக்கிறது: சில விலங்குச் சோதனைகள் ஆதரிக்கின்றன, மனிதரிடம் அது பெரிய பங்கு வகிக்கிறது என்பது ஏற்கப்படவில்லை. இந்த இரண்டையும் கழித்துவிட்டாலும் மயோசின்-5பி நோயும், மூன்று மரபணு நீக்கிய எலிகளும், கொல்சிசினும் தருகிற சான்று குறைவதில்லை.

மயோசின்-5பி பழுதான குழந்தைகளுக்குச் சிகிச்சை தேடுவோரும் புரதங்களின் இடத்தைத்தான் குறிவைக்கிறார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இந்த மோட்டாரை நீக்கிய எலிகளுக்கு லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற, கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. மரபணு பழுதாகவே இருந்தது. ஆனாலும் எஸ்ஜிஎல்டி-1 ஓரளவு உச்சிச் சவ்வுக்குத் திரும்பியது, நுண்ணுறிஞ்சி விளிம்பும் மேம்பட்டது. கடத்தியைச் செய்யும் திறன் செல்லிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதை மேலே கொண்டுசெல்ல மயோசின்-5பி இல்லாத வேறொரு வழியும் செல்லுக்குள் இருக்கிறது போலும். அந்த வழி எந்த மோட்டாரைப் பயன்படுத்துகிறது, மனிதக் குழந்தையில் அதைத் திறக்க எவ்வளவு மருந்து தேவைப்படும் என்பவையே இப்போது முன்நிற்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, குடல் மாற்று அறுவை நடக்காத குழந்தைகளுக்கு உணவு நரம்பு வழியாகத்தான் போக வேண்டும்.